பால் பொங்கிய அடுப்படி

"பாலு பொங்குது! எல்லாரும் கும்பிட்டுக்கங்க," என்றாள் குஞ்சம்மாள்.

புது அடுப்படி செய்து தருவதாக மூன்று லட்சம் வாங்கிய கம்பெனி, ஆறு மாதம் முன்பு திவாலாகிவிட்டது. பணம் போனது போனதுதான் என்றிருந்தார் அவள் கணவர் அருணகிரி. அவளோ விடவில்லை. இன்று குட்டி சிலிண்டரும் கையுமாக, சொந்தக்காரர்களை மல்லசமுத்திரத்திலிருந்து வேன் வைத்து அழைத்து வந்துவிட்டாள்.

"அடுப்படி பளபளன்னு இருக்குதுங்க மாமா," என்று இழுப்பறையை இழுத்தான் மைத்துனன் காளிதாஸ்.

"மெதுவாடா சாமி," என்ற அருணகிரியின் கண் வாசலிலேயே இருந்தது.

அவர் பயந்தபடியே ஓர் அதிகாரி ஓடிவந்தார்.

"ஏனுங்கம்மா, இது கம்பெனி ஷோரூமுங்க! ஏலத்துக்கு லிஸ்ட் எடுக்கத்தான் கதவத் தொறந்தோம்!"

"தாராளமா ஏலம் விடுங்க சாமி. நான் பால் காய்ச்சின அடுப்படிய வேற எவ எடுப்பா? நான் கட்டுன பணத்துல கழிச்சுக்கிட்டு எனக்கே குடுத்துருங்க. மொதல்ல பாலக் குடிங்க."

அதிகாரி டம்ளரோடு திரும்பினார். வாசலில் எட்டுப் பேர், ஆளுக்கொரு பால் சொம்போடு நின்றார்கள்.

"ஏனுங்கக்கா, அந்தச் சிலிண்டரக் கொஞ்சம் குடுங்க. நாங்களும் பணங் கட்டுனவங்கதானுங்க."