ஸ்கைலாப் விழுகிற நாள்

“சாவப்போற நேரத்துலயாவது உண்மைய சொல்லுடா!” என்று கத்தினான் துளசிங்கம்.

மூலையில் குந்தியிருந்த சடையன் தலையைத் தூக்கவில்லை.

மீனவர் சங்கத்துக் கட்டடத்துக்குள் நாற்பது பேர் அடைந்து கிடந்தார்கள். ஏரி நடுவே இருந்த அந்தக் குப்பத்தில் தளம் போட்ட கட்டடம் அது ஒன்றுதான். அமெரிக்காக்காரன் வானத்தில் விட்ட ஸ்கைலாப் என்ற விண்வெளிக்கூடம் உடைந்து விழப்போகிறது, எங்கே விழும் என்று அவனுக்கே தெரியாது என்று நாலு நாளாக ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது.

எங்கே விழும் என்று குப்பத்துக்குத் தெரியும். தங்கள் தலையில்தான். இன்றைக்கு, மத்தியானம் மூணு மணிக்கு.

ஜன்னல்களைச் சாத்தியாயிற்று. ஆனி மாதத்துப் புழுக்கத்தில் ஆளுக்கு ஆள் வேர்த்து ஊற்றியது.

முதலில் மனசைத் திறந்தவள் கஸ்தூரியம்மாள்.

“நாகம்மா, பொங்கலப்போ காணாமப் போச்சே உன் கோழி, அத்தத் தின்னது நான்தான்டி. மன்னிச்சுடு.”

“தெரியும்டி. எலும்ப என் வாசல்லதான போட்ட?”

அழுகைக்கு நடுவே நாலு பேர் சிரித்தார்கள். அதற்கப்புறம் ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். மச்சான் வலையிலிருந்து நண்டு திருடியதைத் தருமன் சொன்னான். மச்சான் அவனைக் கட்டிக்கொண்டு அழுதான்.

இது எதுவும் துளசிங்கத்தின் காதில் ஏறவில்லை. ஏழு வருஷமாக அவன் காத்திருந்தது சடையன் வாய் ஒன்றுக்காகத்தான்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் துளசிங்கத்தின் புது நைலான் வலை கொல்லையில் எரிந்துபோனது. அதற்கு முதல் நாள்தான் பாடு விஷயமாகச் சடையனோடு அடிதடி. ஏரியில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று சீட்டுப் போட்டுக் கொடுப்பார்கள், அதற்குப் பாடு என்று பெயர்.

“கொள்ளிக்கட்டையோட ஓடினத என் ரெண்டு கண்ணால பாத்தேன்” என்று பஞ்சாயத்தில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தான் துளசிங்கம்.

சடையனுக்கு இனி பாடு கிடையாது என்று தீர்ப்பாயிற்று. பாடு போனதும் சோறு போனது. சோறு போனதும் பொண்டாட்டி எளாவூருக்குத் தாய்வீட்டுக்குப் போனாள், போனவள் போனவள்தான். சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்து வயிற்றைக் கழுவினான் சடையன்.

அப்படியும் துளசிங்கத்துக்கு ஆறவில்லை. அவன் வாயால் ஒப்புக்கொள்ளவில்லையே!

“சொல்றா!”

“நான் எரிக்கலண்ணா.”

“பின்ன, வல தானா பத்திக்கிச்சா?”



அந்த நேரம் பார்த்து மேல்காற்று எங்கிருந்தோ ஒரு தகரத்தைப் பிடுங்கிவந்து தளத்தின் மேல் போட்டது. தடால்! உள்ளே இருந்தவர்களுக்கு அது தகரம் என்று எப்படித் தெரியும்? பிள்ளைகள் வீறிட்டன. ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள்.

“எல்லாரும் சொல்லிட்டோம்!” என்று அலறினான் தருமன். “இவன் ஒருத்தன்தான் பாவத்த உள்ள வெச்சிக்கினு குந்திக்கினுகீறான். இவனாலதான் நம்ம மேல வியப்போவுது!”

“வெளிய தள்ளுங்கடா அவன!”

யார் சொன்னது என்று தெரியவில்லை. எல்லாரும்தான் தள்ளினார்கள். கோழியை மன்னித்த நாகம்மாளும் ஒரு கை கொடுத்தாள்.

வாசல்படியில் சடையன் ஒரு தரம் திரும்பி, துளசிங்கத்தின் மனைவி காந்தாவைப் பார்த்தான்.

“இன்னாடா என் பொண்டாட்டிய மொறைக்கிற?” என்று கடைசித் தள்ளைத் தள்ளினான் துளசிங்கம். தருமன் கதவைச் சாத்தித் தாழ் போட்டான்.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம் கேட்டது.

“யண்ணா, தொறங்கண்ணா. பயமா கீதுண்ணா.”

காந்தா கணவனின் கையைப் பிடித்தாள். காதோடு சொன்னாள்:

“இந்தாய்யா... வலைய எரிச்சது நான்தான்யா.”

“இன்னா?”

“அடுப்புச் சாம்பல கொல்லையில கொட்னேன். நெருப்பு கீதான்னு பாக்கல. காத்துல பறந்து பத்திக்கிச்சி. நீ அடிச்சே கொன்னுடுவேன்னு வாயத் தொறக்கல. நீ கண்ணால பாத்தேன்னு சூடம் அணச்சப்போ எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சி.”

துளசிங்கம் கதவுப் பக்கம் பார்த்தான்.

“அவனுக்குத் தெரியுமா?”

“தெரியும். அணைக்க ஓடியாந்ததே அவருதான். அதுல வெந்த கையத்தான் நீங்க பஞ்சாயத்துல சாட்சின்னு காட்னீங்க. நான் கால்ல வியுந்தேன்யா. ‘உன் புருஷன் அடிச்சா நான் தாங்குவேன், நீ தாங்கமாட்டம்மா, சும்மா இரு’ன்னாரு.”

வெளியே தட்டுவது நிற்கவில்லை. தட்டலோடு அழுகையும் கேட்டது.

“அய்ய, பாவம்யா” என்றாள் நாகம்மாள். “தொறந்து வுட்டுடலாமா? துளசிங்கம், நட்டப்பட்டவன் நீ. நீ ஒரு வார்த்த சொன்னாப் போதும்.”

அத்தனை பேரும் அவனையே பார்த்தார்கள்.

“இன்னாய்யா சொல்றா உம் பொஞ்சாதி?” என்று கேட்டான் தருமன்.

“பயத்துல உளர்றா.”

துளசிங்கம் எழுந்தான். எல்லாரும் ஒதுங்கி வழி விட்டார்கள். கதவில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றான்.

பிறகு, மேல் தாழ்ப்பாளையும் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான்.