லுக்ரீஷியாவின் வாய்

குத்துவாளை வரைந்து முடித்துவிட்டாள். வாய்க்கு வந்ததும் தூரிகை நின்றுவிட்டது.

எதிரே திரையில் லுக்ரீஷியா. ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் யாரோ ஓர் இத்தாலிக்காரர் வரைந்தது. அதை அப்படியே நகலெடுக்க வேண்டும். முதுகலை மாணவர்களுக்கு இந்த மாதப் பயிற்சி.

நழுவிய பட்டு. வெண்ணெய்த் தோள். நெஞ்சை நோக்கிய கத்தி.

உதடுகள் அழகாக மூடியிருந்தன.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கதை அப்படி இல்லையே. ரோமாபுரி அரசனின் மகன் லுக்ரீஷியாவைக் கத்திமுனையில் சீரழித்தான். விடிந்ததும் அப்பாவையும் கணவனையும் வரவழைத்தாள். அவன் பெயரைச் சொன்னாள். அப்புறம்தான் குத்திக்கொண்டாள். அந்த ஒரு பெயரால் அரச குடும்பமே ஊரைவிட்டு ஓடியது.

பெயர் சொன்ன வாயை வரைய இந்த மகானுபாவனுக்குக் கை வரவில்லை. தோளுக்கு மட்டும் நன்றாக வந்திருக்கிறது.

போன வாரம் துறைத் தலைவரிடம் படங்களைக் காட்டப் போனாள். அவர் கதவைத் தாழ் போட்டார். அவள் கையை முறுக்கிச் சுவரோடு அழுத்தினார். வராந்தாவில் ஆள் நடமாட்டம் கேட்டபிறகுதான் விட்டார்.

"அந்த ரூமுக்குத் தனியா போகாதடி" என்று கூடப் படிக்கும் மெர்லின் முன்பே சொல்லியிருந்தாள். ஏன் என்று இவள் கேட்கவில்லை.

முறையிடப் போனபோது கல்லூரி முதல்வர் பூசி மெழுகினார். "புகார் குடும்மா, வேணாங்கல. பேரை மட்டும் போடாத. உன் வாழ்க்கைதான் வீணாப் போகும்."

பெயர் இல்லாத புகாரை எந்தக் குப்பையில் போடுவது?

தூரிகையைக் கருஞ்சிவப்பில் தோய்த்தாள். லுக்ரீஷியாவின் வாயைத் திறந்தாள். பல் தெரிந்தது. அசிங்கமாக இருந்தது.

இருக்கட்டும்.

பின்னால் செருப்புச் சத்தம். ஒவ்வொருவர் படமாகத் திருத்திக்கொண்டு வந்த துறைத் தலைவர் அவளருகே நின்றார். கையை நீட்டினார். இங்கே வாத்தியார் கை நீட்டினால் தூரிகையைக் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். நம் படத்தின்மேலேயே அவர் திருத்துவார். யாரும் மறுத்ததில்லை.

"அவ வாயை மூடு. அழகே போச்சு."

அவள் தூரிகையைக் கொடுக்கவில்லை.

வாத்தியாரின் பெயரை இந்தக் கல்லூரியில் எந்த மாணவியும் வாயால் சொன்னது கிடையாது. முதுகுக்குப் பின்னால்கூட 'சார்'தான். போன வாரம் அம்மாவிடம் அழுதபோதும் இவள் 'சார்' என்றுதான் சொன்னாள். நினைத்தால் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"தணிகாசலம்" என்றாள்.

அறையில் எல்லாத் தூரிகைகளும் நின்றன.

"போன செவ்வாய்க்கிழமை கதவைத் தாழ் போட்டு என் கையை முறுக்கினது நீ, தணிகாசலம்."

நீட்டிய கை அப்படியே இருந்தது. தூரிகையைப் பிடுங்கவும் இல்லை, இறங்கவும் இல்லை.

பக்கத்து ஸ்டூலிலிருந்து மெர்லின் எழுந்தாள்.

அவளும் அந்தப் பெயரைச் சொன்னாள். சார் போடாமல்.