ஆறாவது இணைப்பு

மூன்றாவது முறையும் பிரிண்டர் வைஃபையில் சேரவில்லை.

எட்டு வருடத்துப் பழசு. மாப்பிள்ளை அதைத் தன் வீட்டுப் பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி, தாளும் வைத்து என் முன்னால் கொண்டுவந்து வைத்திருந்தார். வீடு வீடாக இன்டர்நெட் இணைப்பு கொடுத்தே காலத்தை ஓட்டியவன் நான். இந்த டப்பாவிடம் தோற்றால் வெளியே தலைகாட்ட முடியாது.

ஏற்கெனவே தலைகாட்ட முடியாமல்தான் இருந்தேன்.

அச்சடிக்க வேண்டியது ஒரே ஒரு பக்கம். மகளைக் காணவில்லை என்று பதினோரு நாளைக்கு முன்னால் போலீஸில் நான் கொடுத்த புகாரை நானே திரும்பப் பெறுகிறேன் என்று ஒரு மனு. டைப் செய்தது மாப்பிள்ளை. கடையில் எடுத்தால் கடைக்காரன் படித்துவிட்டுத் தம்பட்டம் அடிப்பான், வீட்டிலேயே எடுத்துவிடலாம் என்றதும் அவர்தான். என் மானத்துக்காக இவ்வளவு பார்க்கிறாரே என்று உருகிப்போனேன்.

போன வாரம் அவளிடமிருந்து செய்தி வந்தது. 'எனக்குப் பிடித்தவரோடு இருக்கிறேன். தேட வேண்டாம்.' திருப்பி அழைத்தால் சுவிட்ச் ஆஃப்.

அன்றைக்கு மாப்பிள்ளை என் எதிரில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அப்படிப் போனவள் இனி எனக்கு மகளே இல்லை என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து என் மனைவி என்னோடு பேசுவதில்லை.

ஒருவழியாகக் கோளாறு பிடிபட்டது. வீட்டில் இருப்பது புது ரவுட்டர், வேகமான அலைவரிசையில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் கிழத்துக்கு அது எட்டாது. பழைய, மெதுவான அலைவரிசையையும் திறந்துவிட வேண்டும். ரவுட்டரை மாட்டியதே நான்தான், அதனால் பாஸ்வேர்டுக்கு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. என் ஃபோனிலேயே அதன் பக்கத்துக்குள் போய்த் திறந்துவிட்டேன்.

திறந்துவிட்டு, இன்னும் ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கலாமா என்று இழுத்தேன்.

மாப்பிள்ளை சட்டை மாற்றிக்கொண்டு வருவதாகச் சொல்லி உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இணைப்பில் இருப்பவற்றின் பட்டியலைப் பார்த்தேன். டிவி, லேப்டாப், மாப்பிள்ளையின் ஃபோன், என் ஃபோன். ஐந்தாவதாகப் பிரிண்டர் வந்து சேர்ந்திருந்தது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்குக் கீழே ஆறாவதாக ஒன்று வந்தது. 'ராங்கி'.

என் மகளை நான் ராங்கி என்றுதான் கூப்பிடுவேன். அவளுக்கு ஃபோன் வாங்கிக் கொடுத்தபோது அதற்கு அந்தப் பெயரைப் போட்டுக் கொடுத்தவனும் நான்தான். வீட்டை நெருங்கினாலே அது தானாக இணைந்துகொள்ளும்.

என் பிள்ளை வந்துவிட்டாள்! வாசலில் நிற்கிறாள், பெல் அடிக்கக் கூசுகிறாள் என்றே நினைத்தேன். கோபமாவது மண்ணாவது. விழுந்தடித்து ஓடிக் கதவைத் திறந்தேன்.

வாசலில் யாரும் இல்லை. மாடிப்படியிலும் இல்லை.

கையில் ஃபோன் அதிர்ந்தது. மகளிடமிருந்து செய்தி.

'அப்பா, இன்னைக்கே கையெழுத்து போட்டு வாபஸ் வாங்கிடுங்க. என்னை நிம்மதியா விடுங்க.'

கையெழுத்து விஷயம் என்னையும் மாப்பிள்ளையையும் தவிர ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. என் மனைவியிடம்கூட நான் சொல்லவில்லை.

திரும்பி வந்து பிரிண்டர் முன்னால் உட்கார்ந்தேன். பட்டியலில் ஐந்துதான் இருந்தன.

உள் அறைக் கதவு திறந்தது. மாப்பிள்ளை சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். கையில் பேனா.

"என்ன மாமா, கனெக்ட் ஆயிடுச்சா?"

"இல்ல மாப்ள, இன்னும் அடம்பிடிக்குது," என்று சொல்லிவிட்டு, இணைந்துவிட்டதற்கு அடையாளமாக நின்று எரிந்த பச்சை விளக்கை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன்.