வாசல் காவலாளியின் பலம்

சாப்பாட்டு இடைவேளையில் எங்கள் அலுவலகத்தில் இருபது முகப் பகடையை உருட்டி ஒரு கதை விளையாட்டு நடக்கும். கதை சொல்வது நான், மற்றவர்கள் வீரர்கள். கதையில் எதிரே வருகிறவனின் பலத்தைவிடப் பகடை அதிகமாக விழுந்தால் ஜெயம். அந்தப் பலம் எவ்வளவு என்பது என் முன்னால் நிற்கும் அட்டை மறைப்புக்குப் பின்னால் முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும் என்பது விதி.

அன்று மேலாளரும் ஆசைப்பட்டு வந்தார். நாற்காலியை நானே துடைத்துப் போட்டேன்.

கோட்டை வாசலில் ஒரு காவலாளியை நிறுத்தினேன். வரவேற்பறைப் பெண் உருட்டினாள். நான்கு.

“அவன் தூங்கி வழியறான். நீ உள்ள போம்மா.”

அடுத்து மேலாளர். பதினெட்டு.

“இப்ப முழிச்சுட்டான் சார். அவன் பலம் பத்தொன்பது.”

மறுபடி உருட்டினார். இருபது. பகடையில் அதற்கு மேல் எண்ணே கிடையாது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

“அவனோட அண்ணன் வந்துட்டான் சார். இருபத்தொண்ணு.”

மேலாளர் எட்டி அட்டையைப் பிடுங்கினார். பின்னால் ஒன்றுமே இல்லை, வெறும் மேசை.

“எனக்கு விழுந்ததைப் பாத்துட்டு, அப்புறமா வாய்க்கு வந்த நம்பரைச் சொல்றியா? அநியாயமா இல்ல?”

“பதவி உயர்வுத் தேர்வுல போன வருஷம் நான் எழுபது வாங்கினேன் சார். தேர்ச்சிக்கு எழுபத்தொண்ணு வேணும்னீங்க. இந்த வருஷம் எண்பது. எண்பத்தொண்ணு வேணும்னீங்க. உங்க மச்சான் நாப்பது வாங்கி உள்ள போயிட்டார்.”



அட்டையை அவர் கையிலிருந்து வாங்கி, பழையபடி நிறுத்தினேன்.

“உருட்டுங்க சார். அந்த அண்ணனுக்கும் ஒரு அண்ணன் இருக்கான்.”