நட்பைப் பற்றிய படம்

“இந்தக் காலத்துப் பசங்க பொண்ணுங்க பின்னால சுத்தியே கெட்டுப் போறானுங்க. படத்துல வர்ற இந்த ரெண்டு பேரையும் பாருங்க. வருஷக்கணக்கா ஒரே ரூம். ஒரு பெண்ணையாவது ஏறெடுத்துப் பார்த்தாங்களா?”

கட்சியின் பண்பாட்டுப் பிரிவுத் தலைவர் கார்த்திகேசன் மைக்கில் இப்படிக் கேட்டதும் அல்சூரின் அந்தக் கல்யாண மண்டபமே கைதட்டியது.

மேடை ஓரத்தில் நின்ற சங்கமித்ராவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. படத்தை எடுத்தவள் அவள்தான். அந்த இரண்டு ஆண்களும் நண்பர்கள் இல்லை, காதலித்துக் குடும்பம் நடத்தியவர்கள் என்பதை, ஒருவர் சட்டைக்கு இன்னொருவர் பட்டன் போட்டுவிடுவதிலும், டீயை ஆற்றிக் கொடுப்பதிலும் நாசூக்காகக் காட்டியிருந்தாள். நாசூக்கு கொஞ்சம் கூடிப்போய்விட்டது போலிருக்கிறது.

அந்த வருஷம் இந்த மாதிரிப் படம் என்றாலே எங்கெங்கோ தியேட்டர் கண்ணாடி உடைந்துகொண்டிருந்தது. ஹால் கேட்டுப் போன இடத்திலெல்லாம் என்ன கதை என்று விசாரித்தார்கள். சொன்னதும் வேறு யாரோ புக் பண்ணிவிட்டதாகக் கதவைச் சாத்தினார்கள். கடைசியில் கார்த்திகேசனிடம் போய், நட்பைப் பற்றிய படம் என்று சொல்லி, அவர் மச்சானுடைய மண்டபத்தை வாங்கினாள். முதலில் உள்ளே நுழைந்துவிடுவோம், உண்மையை அப்புறம் சொல்லிக்கொள்வோம் என்ற எண்ணம். கையில் கேமரா வந்துவிட்டால் எதையும் அப்புறம் சரிபண்ணிக்கொள்ளலாம் என்றுதான் தோன்றும்.

அந்த உண்மையைச் சொல்லவேண்டியவர் கோவிந்தராஜன்.

நடித்தது வேறு ஆட்கள் என்றாலும் படமே அவர் கதைதான். அவரும், செத்துப்போன தாஸும்தான் அந்த இரண்டு பேர். ஃபேக்டரியில் லேத் ஓட்டுகிறவர், ஐம்பது வயசு, நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவர். தன் கதையைப் படமாக்க சங்கமித்ரா எவ்வளவு கெஞ்சியும் மசியாமல், கடைசியில் ஒரே ஒரு நிபந்தனையில் ஒத்துக்கொண்டார்.

“படம் முடிஞ்சதும் நானே மைக்குல பேசறேன்மா. தாஸ் எனக்கு யாருன்னு ஒரே ஒரு தடவை சத்தமா சொல்லிடணும். அப்புறம் என்ன ஆனாலும் ஆகட்டும்.”

ஆஸ்பத்திரியில் ‘கூட வந்தவர்’, வீட்டுக்காரரிடம் ‘ரூம்மேட்’, ஃபேக்டரியில் ‘ஃபிரண்டு’ என்றே சொல்லியும் கேட்டும் மனுஷன் நொந்துபோயிருந்தார்.

“இப்ப அந்த உத்தம நண்பரே பேசுவார்” என்று கார்த்திகேசன் கூப்பிட்டார்.

கோவிந்தராஜன் எழுந்தார். முன்வரிசையில் பக்கத்து நாற்காலியில் இருந்த ரோஸி அவர் கையைப் பிடித்து நிறுத்தி, காதில் ஏதோ சொன்னாள். ரோஸி தாஸுடைய அக்கா. கோலார் தங்கவயலிலிருந்து காலையில் ரயிலேறி வந்திருந்தாள். தம்பி போன நாளிலிருந்து கோவிந்தராஜனோடு ஒரு வார்த்தை பேசாதவள். அழைப்பு அனுப்பியதற்கு வந்ததே பெரிய அதிசயம்.

அவர் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மேடை ஏறினார்.



“தாஸ் எனக்கு...” தொண்டையைச் செருமிக்கொண்டார். “நல்ல நண்பர். அவ்வளவுதாங்க. வேற ஒண்ணும் இல்ல.”

மறுபடியும் கைதட்டல். கார்த்திகேசன் அவருக்குப் பொன்னாடை போர்த்தி, இறுகக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இந்தப் படத்தை ஸ்கூல் ஸ்கூலாகப் போட்டுக் காட்ட ஏற்பாடு செய்யப்போவதாக வேறு அறிவித்தார்.

அடுத்து மைக் சங்கமித்ராவின் கைக்கு வந்தது. வாசலில் கட்சித் துண்டு போட்ட பையன்கள் நின்றிருந்தார்கள். அவள் எல்லோருக்கும் தமிழில் ஒரு முறை, கன்னடத்தில் ஒரு முறை நன்றி சொல்லிவிட்டு இறங்கினாள்.

செருப்பு விடும் இடத்தில்தான் அவளுக்கு வீரம் வந்தது. கோவிந்தராஜன் அங்கே குனிந்து தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

“என்ன சார் இது? இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இவ்வளவு பாடுபட்டேன்? அந்தக் கார்த்திகேசனைப் பார்த்துப் பயந்துட்டீங்க.”

“பயம்தாம்மா.”

“தாஸ் சார் இதைக் கேட்டிருந்தா என்ன நினைச்சிருப்பார்? இத்தனை வருஷம் உங்ககூட வாழ்ந்துட்டு, கடைசியில வேற ஒண்ணும் இல்லன்னு உங்க வாயாலயே கேட்கணுமா அவர்?”

அவர் நிமிர்ந்தார். முகம் அறை வாங்கிய மாதிரி இருந்தது. பொன்னாடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“அவன் உடம்பை அவங்க வீட்டாளுங்க ஆஸ்பத்திரியிலேர்ந்தே தங்கவயலுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்கம்மா. மருந்து வாங்கிட்டு நான் திரும்பி வர்றேன், கட்டில் காலி. லீவு கிடைக்கறப்பல்லாம் ரயிலேறிப் போய் ஒவ்வொரு கல்லறையா தேடறேன். பாதி சிலுவையில பேரே இல்ல. கேட்டாலும் யாரும் சொல்லல.”

சங்கமித்ரா குனிந்து அவர் செருப்பைத் தேடி எடுத்து முன்னால் வைத்தாள்.

“ரோஸியக்கா இப்பத்தான் காதுல சொன்னாங்க. ‘ஊரெல்லாம் உங்க ரெண்டு பேரையும் கன்னாபின்னான்னு பேசறாங்க. நண்பன்தான்னு நாலு பேருக்கு முன்னால சொல்லி அந்தப் பேச்சை நிறுத்திடு. வர்ற கல்லறைத் திருநாளுக்கு எங்ககூட வந்து தம்பி கல்லறையில மெழுகுவத்தி ஏத்து’ன்னாங்க.”

செருப்பை மாட்டிக்கொண்டார்.

“அவன் எங்க படுத்திருக்கான்னு எனக்கு வேற யாரும்மா காட்டுவாங்க?”