மாமன் சீர் வண்டி

வண்டி பாய்ந்தது.

கிளம்பியது என்று சொல்ல முடியாது. இலக்கியா காலால் மிதித்த அந்த நொடியிலேயே, சிவப்பு நிற பேட்டரி பைக் ஜமுக்காளத்தின் மேல் சீறிக்கொண்டு ஓடியது.

மண்டபமே கைதட்டியது. நான் தட்டவில்லை.

இப்படிப் போகக் கூடாதே.

என் பேத்திக்கு இன்னும் நாலு வயது நிறையவில்லை. காது குத்திய இடத்தில் சந்தனம்கூடக் காயவில்லை. அழுத கண்ணோடு தூக்கி வண்டியில் உட்கார வைத்தார்கள். இப்போது சிரித்துக்கொண்டே போகிறாள்.

அவளுடைய தாய்மாமன், என் மகன் நிலவழகன், துபாயில் இருக்கிறான். லீவு கிடைக்கவில்லை. போனிலேயே பார்த்துத் தேர்ந்தெடுத்து, திருச்சியில் ஒரு கடையிலிருந்து வண்டியை அனுப்பச் சொன்னான். அவன் இடத்தில் நான் உட்கார்ந்து, பேத்தியை மடியில் வைத்துக் காது குத்தக் கொடுத்தேன். பொன்னமராவதியிலிருந்து சீர்த் தட்டுகளையும் வண்டியையும் வேனில் ஏற்றி இங்கே ஆவுடையார்கோவிலுக்குக் கொண்டுவந்ததும் நான்தான்.

எங்கள் வீட்டுச் சீரில் குறை என்று இதுவரை எந்தச் சபையிலும் பேச்சு வந்ததில்லை.

காலையில் தட்டுகளை வரிசை வைத்தபோது, என் மகள் சுகுணா பக்கத்தில் வந்து நின்றாள். "அப்பா, வேகத்தைக் குறைக்க வண்டியில ஒரு சுவிட்சு இருக்காம். குறைச்சு வெச்சிருங்களேன். சின்னப் பிள்ளை."

அவளே குறைத்திருக்கலாம். ஆனால் சீரைச் சபையில் ஒப்படைக்கும்வரை வாங்குகிற வீட்டார் அதில் கை வைக்கக் கூடாது. வைத்தால் கொடுப்பவனை நம்பவில்லை என்று ஆகிவிடும்.

சுற்றிலும் இரு வீட்டுப் பங்காளிகளும் நின்றார்கள். நான் குரலை உயர்த்தினேன். "மாமன் சீரைக் குறைச்சு வெக்கிறதா? அது போறபடிதான் போகும்."

சுகுணாவின் மாமனார் ஆத்மநாதனும் விடவில்லை. மீசையைத் தடவிக்கொண்டு, அவரும் சபைக்குக் கேட்கவே சொன்னார். "அதானே! எங்க வீட்டுப் பிள்ளை என்ன பயந்தாங்கொள்ளியா? வண்டி ஊர்ந்து போச்சுன்னா சம்பந்தி வீட்டு பேட்டரிக்கே சீக்குன்னு பேசுவாய்ங்க தாயி."

பங்காளிகள் சிரித்தார்கள். சுகுணா சிரிக்கவில்லை.

இப்போது வண்டி மணமேடையைத் தாண்டிவிட்டது. சீர் வண்டியில் பிள்ளை மண்டபத்தை ஒரு சுற்று சுற்றி வரவேண்டும் என்பது ஏற்பாடு. இலக்கியா சுற்றவில்லை. வெளிச்சம் தெரிந்த பக்கமாகக் கைப்பிடியைத் திருப்பினாள்.

வாசல் அகலத் திறந்திருந்தது. வாசலுக்கு வெளியே படிகள். படிகளுக்குக் கீழே அறந்தாங்கி ரோடு.

"காலை எடு கண்ணு! காலை எடு!"

நாதஸ்வரமும் மேளமும் என் குரலை விழுங்கிவிட்டன. அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, இன்னும் அழுத்தி மிதித்தாள்.

ஓடினேன்.

எழுபதைத் தாண்டியவன், தலையில் உருமால் கட்டிச் சீர் கொண்டுவந்தவன், அத்தனை பேர் நடுவில் வேட்டியை மடித்துக் கட்டக்கூட நிற்காமல் ஓடினேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி என் முழங்காலில் மோதி உருண்டது. யாரோ, "அய்யாவுக்கு என்னாச்சு?" என்று கேட்டது காதில் விழுந்தது.

எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொருவரும் ஓடிவந்தார். சம்பந்தி. அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவர் அப்படி ஓடுவார் என்று யார் கண்டது?

நான் வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்தேன். அவர் பிள்ளையை இடுப்போடு சேர்த்து அள்ளினார். முன்சக்கரம் வாசற்படியைத் தாண்டி அந்தரத்தில் சுற்றிக்கொண்டு நின்றது.

கீழே ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்தபடி கடந்து போனது.

மூன்று பேரும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டோம். என் உருமால் எங்கே விழுந்ததென்று தெரியவில்லை. சபை நடுவில் எங்கள் வீட்டு ஆண்கள் யாரும் இப்படி வெறுந்தலையோடு தரையில் உட்கார்ந்ததில்லை. அது அப்போது எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. பேத்தியின் கை, கால், முகம் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. மறுபடியும் தடவிப் பார்த்தேன்.

"அய்யா, இன்னொரு ரவுண்டு!" என்றாள்.

சம்பந்தி சிரித்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

பிறகு என் காதோரம் குனிந்தார்.

"யாருட்டயும் சொல்லிராதீங்க சம்பந்தி. தப்புத்தான். எல்லாரும் டிபன் சாப்பிடப் போனப்ப, நான் வந்து அந்தச் சுவிட்சை அமுக்கி வேகத்தைக் குறைச்சுத்தான் வெச்சேன். பெறகு எப்படி இந்தப் பாய்ச்சல் பாஞ்சுச்சு?"

நான் சட்டென்று வண்டியைத் திரும்பிப் பார்த்தேன்.

அதற்குள் சுகுணா வந்துவிட்டாள். அவர் கடைசியாகக் கேட்டது அவள் காதிலும் விழுந்திருக்கும். பிள்ளையை வாங்கித் தோளில் போட்டு இறுக்கிக்கொண்டாள். குனிந்து கைப்பிடிக்குக் கீழே பார்த்தாள்.

"ஒரே சுவிட்சுதான் மாமா. ஒருக்கா அமுக்குனா குறையும். மறுக்கா அமுக்குனா கூடிரும். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டுப் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்க உள்ளே போனாள்.

சம்பந்தி சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கு அவருக்குப் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "சரி, இப்பயாவது குறைச்சு வெப்போம்" என்று விரலை நீட்டினார்.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னேன்.

"அதை சுகுணா பார்த்துக்குவா. நம்ம ரெண்டு பேரும் அமுக்குனது போதும்."