கலப்பைக்குப் பழகிய கை

31.10.2017, செவ்வாய்.

இன்று ஒரு சிறிய பிழை விட்டேன். புல்வெட்டியை ட்ரக்டரோடு இணைக்கும் மேல் தண்டைக் கலப்பைக்குப் பூட்டுவதுபோல் கட்டையாகப் பூட்டிவிட்டேன்.

மற்றதெல்லாம் சரி என்றுதான் நினைக்கிறேன். முதலில் ட்ரக்டரின் இடக் கை, பிறகு வலக் கை, பின்கள், ஆடாமல் இருக்கச் சங்கிலி, கடைசியாகக் கத்தியைச் சுற்றும் சுழல்தண்டு. மாலை ட்ரக்டர் வகுப்பில் சிவராசா சேர் சொல்லித்தந்த ஒழுங்கு அது. சுழல்தண்டின் பூட்டு விழுந்ததா என்று இழுத்துப் பார்த்தேன். நம்பிக்கை வராமல் திரும்பவும் இழுத்தேன்.

ட்ரக்டர்காரர் எமிலியானுஸ் அண்ணை இருக்கையில் இருந்தபடியே சிரித்தார்.

“நல்லா இழுத்துப் பார். உது தையல் மெசினில்லை எடித், நூல் அறுந்தால் கோத்துப்போட்டு ஓட்ட.”

வெட்ட வேண்டியது எங்கள் ஊர்ச் சேமக்காலை. ஊரோடு சேர்ந்து அதுவும் ஆமி முகாமுக்குள் போய்விட்டது. மரித்தோர் திருநாளுக்குக் கம்பிவேலிக்கு வெளியே நின்றுதான் மெழுகுதிரி கொளுத்தி வந்தோம். இம்முறை உள்ளே வரலாம் என்று முகாமில் சொல்லிவிட்டார்கள். கல்லறைகள் புல்லுக்குள் கிடக்கின்றன, புல்லை மட்டும் நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள்.

முன்கூட்டிப் போக இரண்டு பேருக்குத்தான் அனுமதி. ஓட்ட ஒருவர், பூட்டத் தெரிந்த ஒருவர். அதனால்தான் நான்.

விடிய வெளிக்கிடும்போது அப்பா வழி சொல்லித்தந்தார். அம்மாவைப் புதைத்தபோது எனக்கு விவரம் தெரியாத வயது.

“வாசலால போனவுடன அமிர்தநாயகத்தாற்ற நீலக் கல்லறை. அதில நிண்டு நேரே பின்வரிசையைப் பார். பனையடியில கொம்மா.”

அம்மாவுக்குச் சிமெந்துக் கல்லறை இல்லை. மரச் சிலுவை மட்டும்தான். அது உக்கியிருக்கும் என்று அப்பா புதிதாக ஒன்று செய்துகொண்டிருக்கிறார்.

புல் இடுப்பளவு நின்றது. அண்ணை கத்தியைச் சுழலவிட்டு வாசலிலிருந்து மெல்ல இறக்கினார்.

புல்லோடு மணலும் சேர்ந்து பறந்தது. பிறகு இரும்பில் கல் அடிபட்ட சத்தம்.

கை காட்டி நிறுத்தினேன். கல்லறை மேட்டில் கத்தி ஏறிவிட்டது என்று பயந்துபோனேன். கத்தி முழுதாக நிற்கும்வரை பொறுத்து, கிட்டப் போய்ப் பார்த்தேன்.

மேடே இல்லை.

வெட்டின இடம் பலகைபோல மட்டமாகக் கிடந்தது. மிச்சப் புல்லுக்குள்ளே தூரத்தில் கறள் பிடித்த இரண்டு கம்பங்களும் மேலே ஒரு குறுக்குக் கம்பியும் தெரிந்தன. உதைபந்தாட்டக் கோல் கம்பம்.

கத்தி கிளறின மணலில் உள்ளங்கையளவு சிமெந்துத் துண்டு. நீலப் பூச்சு இன்னும் போகவில்லை. அதில் ‘நாய’ என்ற இரண்டு எழுத்து முழுதாக இருந்தது. அடுத்தது பாதியில் உடைந்திருந்தது.

தேநீர் கொண்டுவந்த ஆமிப் பெடியன் துண்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கேத்திலை நிலத்தில் வைத்துவிட்டுக் கடல் பக்கம் திரும்பி நின்றான். என் வயதுதான் இருக்கும். இதை இடித்து மட்டமாக்கியபோது அவனும் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பான்.

எமிலியானுஸ் அண்ணை தொப்பியைக் கழற்றினார்.

மழை இறங்கியது. நாளைக்கு வரச்சொல்லி எங்களை வெளியே அனுப்பினார்கள். துண்டை ட்ரக்டரின் ஆயுதப் பெட்டிக்குள் நட்டுச் சாவிகளுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

வகுப்பில் சேரிடம் கத்தி மண்ணைக் கிளறியதை மட்டும் சொன்னேன்.

“மேல் தண்டைக் கலப்பைக்குப் பூட்டுறமாதிரிப் பூட்டினனீரோ?”

“ஓம் சேர்.”

அவர் கேட்ட பிறகுதான் விளங்கியது. நாங்கள் கடலுக்குப் போன குடும்பம். ஊர் போனபிறகு முருங்கன் வயல்களில் கூலிக்கு நின்றுதான் எனக்கு ட்ரக்டர் பழக்கம். அங்கே மேல் தண்டைக் கட்டையாக்கினால்தான் கலப்பையின் மூக்கு மண்ணைக் கவ்வும். யோசிக்காமல் கை அதையே செய்திருக்கிறது.

“கத்தியில என்ன பட்டது?”

“கல்லு, சேர்.”

“கடற்கரை மணலுக்கை கல்லோ? ஆர் கொண்டுபோய் வைச்சது?”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அப்பா சிலுவைக்கு அரத்தாள் போட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“அமிர்தநாயகத்தாரைக் கண்டியோ பிள்ளை?”

சொல்ல வாயெடுத்தேன். சிலுவையின் குறுக்குச் சட்டத்தில் அம்மாவின் பெயரைப் பென்சிலால் எழுதியிருந்தார். இனித்தான் செதுக்க வேண்டும்.

“பனை நிக்குதப்பா.”

அது பொய் இல்லை. பனை நிற்கிறது.

“அப்ப காணும், இடம் பிடிச்சிடலாம்,” என்று சொல்லிவிட்டு உளியை எடுத்தார்.

நாளை: காலையில் முதல் வேலையாக மேல் தண்டை நீட்டி, முன்பக்கத்தை உயர்த்த வேண்டும். பனையடிப் பக்கம் முழுதும் மிச்சம் இருக்கிறது. கத்தி மண்ணில் படக் கூடாது.